காப்புக் கட்டிய செவ்வாய்

அறுபது வயதில்தான் எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்ததும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். உள்ளே இருந்த என் போட்டோவைப் பார்த்து என் வீட்டுக்காரி சிரித்தாள். "கோழி திருடி மாட்டிக்கிட்டவர் மாதிரியே இருக்கீங்க" என்றாள். அதைக் கைபேசியில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்காவும் சிரித்திருக்க வேண்டும். மறுநாள் பேசும்போது, "அப்பாவோட மூக்கு அப்பிடியே வந்திருக்குடா ஒனக்கு" என்றாள்.

அந்தப் பாஸ்போர்ட் எடுத்ததே அக்காவைப் பார்க்கத்தான். அவள் இலங்கையில், அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். நான் இங்கே நீலகிரியில், நடுவட்டத்துக்குக் கீழே இருக்கிறேன். நாங்கள் இரண்டு பேருமே அந்தத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள்தான். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது எனக்குப் பதினாலு வயது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரே குடும்பக் கார்டில் வந்தோம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் அவள் பெயர் அவள் மாமனார் கார்டுக்குப் போய்விட்டது. அவர்கள் அங்கேயே இருக்கப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இப்படி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம்.

அட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது அக்கா பிளாட்பாரத்தில் நின்றாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். கோச்சி என்றுதான் அங்கே ரயிலைச் சொல்வோம். ரெண்டு வருசத்தில் நாங்கள் வந்து பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்த பிள்ளைதான் இன்றைக்குத் தோட்டத்தில் கணக்கு எழுதும் என் மருமகன். அவனுக்கே பேரப்பிள்ளை வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. முதலில் பஸ்ஸுக்கே காசில்லை. பிறகு அங்கே சண்டை. சண்டை முடிந்ததும் இங்கே மகன் படிப்பு, மகன் கல்யாணம். அப்புறம் நான் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனதும், அவர்கள் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வந்த பணத்தில் ரோட்டுக்கு மேலே இரண்டு அறையும் தகரக் கூரையுமாக ஒரு வீடு கட்டினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காரணமும் தீரும்போது இன்னொன்று வந்து நின்றதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை இப்போதுதான் எழுத முடிகிறது. நான் பயந்த சுபாவம். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது கண்ட கடலே எனக்குப் போதும் என்றிருந்தது.

அந்த வருசம் தை மாதம் மருமகன் போன் செய்தான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்றான். பிறகு போனை அக்காவிடம் கொடுத்தான். அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஒருக்கா வந்துட்டுப் போடா. ஒன்னைப் பாத்துட்டேன்னா எனக்குப் போதும்."

வருகிறேன் என்றேன். உடனே சொன்னேன். அந்த வார்த்தையில் பொய் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன்தான் எல்லாம் பார்த்தான். இலங்கைக்குப் போக அனுமதியைக் கம்ப்யூட்டரிலேயே வாங்கினான். திருச்சியிலிருந்து விமானம். பங்குனி பிறக்கிற சனிக்கிழமை போவது, மூன்று வாரம் கழித்துத் திரும்புவது. இங்கிருந்து ஊட்டி, கோயம்புத்தூர், திருச்சி என்று மூன்று பஸ் மாற வேண்டும். முதல்நாளே கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அங்கே எனக்காக ஒரு காம்பராவுக்கு, அதாவது லயத்து அறைக்கு, சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்தாள். தினமும் போனில் நாள் எண்ணிச் சொல்வாள். பிளேனில் சன்னலோரம் உட்காராதே, கீழே பார்த்தால் உனக்குத் தலை சுற்றும் என்பாள். அங்கே வந்து எங்கள் தேயிலையைக் குடித்துவிட்டு உங்கள் ஊர்த் தேயிலையைப் பற்றிப் பெருமை பேசு பார்ப்போம் என்பாள். முப்பது வருசம் தேயிலை உலர்த்தும் டிரையரில் நின்றவன் நான். விடுவேனா? எங்கள் ஃபேக்டரித் தூளில் நல்லதாக இரண்டு கிலோ வாங்கி வைத்தேன். சிலோனுக்குத் தேயிலை கொண்டுபோகிறவன் நீ ஒருத்தன்தான் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கேலி செய்தார்கள்.

மாசி பிறந்ததும், வெளிநாட்டில் பரவிக்கொண்டிருந்த அந்தப் புது வியாதியைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கம் வந்தது. எங்களுக்குக் கேரளா தூரமில்லை. கூடலூரைத் தாண்டி நாடுகாணி இறங்கினால் அந்தப் பக்கம் நிலம்பூர். அங்கே ஒருவருக்கு வந்துவிட்டதாம், இங்கே ஒருவருக்கு வந்துவிட்டதாம் என்று தினமும் ஒரு செய்தி. நாடுகாணி செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் காய்ச்சல் பார்க்கிறார்கள் என்று டிரைவர்கள் சொன்னார்கள். ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட் வண்டிகள் குறைந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் மளிகைக் கடை வைத்திருப்பவர் அன்னூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருசமாகப் பழக்கம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க, நெசமாலுமே போறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். தடுக்கிற மாதிரியும் இல்லை, போகச் சொல்கிற மாதிரியும் இல்லை. வெறும் கேள்விதான். ஆனால் அது என்னைப் படுத்தியது.

என் வீட்டுக்காரிக்கு வீசிங் உண்டு. இருபது வருசம் கொழுந்து எடுத்துவிட்டுக் கடைசிப் பத்து வருசம் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்தாள். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. பனிக்காலத்தில் படுத்துத் தூங்க முடியாது. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்துதான் கண்ணை மூடுவாள். மூச்சை இழுத்துவிடும் மருந்துக் குழாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அந்த வியாதி நெஞ்சைத்தான் பிடிக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். நான் போய் வாங்கிக்கொண்டு வந்தால் முதலில் யாருக்குக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியாதா?

அவளிடம் கேட்டேன். அவள் தயங்கவே இல்லை.

"போயிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. அண்ணி ஒரு தடவதான் கேட்டிருக்கு."

மகனிடம் கேட்டேன். போவதானால் இப்போதே போய்விடுங்கள், வேண்டாமென்றால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடலாம், உங்கள் இஷ்டம் என்றான். எல்லோரும் என் இஷ்டம் என்றுதான் சொன்னார்கள். வீட்டில் இவள் இருந்தும், போனில் மகனும் மருமகனும் இருந்தும், அந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாருமே இல்லை. யாராவது ஒருவர், போகாதே என்று சட்டையைப் பிடித்து இழுத்தால் தேவலை என்று இருந்தது. அல்லது பஸ்ஸில் தூக்கிப் போட்டால் தேவலை.

அப்போதுதான் டிவியில் சொன்னார்கள், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களைச் சில இடங்களில் முகாமில் பதினாலு நாள் வைக்கிறார்கள் என்று. முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து டிவியை நிறுத்திவிட்டேன். மற்றவர்களுக்கு அது ஒரு சொல். எனக்கு அது கடலோரத்து மண்டபம் முகாம். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் எங்களை அந்த முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். வரிசையில் நிற்க வைத்து ஊசி போட்டார்கள். சாமான்களின் மேல் பொடி தூவினார்கள். அம்மாவுக்கு அங்கே காய்ச்சல் வந்தது. தனியாக ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எட்டு நாள் நானும் அப்பாவும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவோம். அம்மா சன்னலில் கையைக் காட்டுவாள். அவர்கள் எங்களுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. சோறு போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், அம்மாவும் பிழைத்து வந்தாள். ஆனாலும் அந்த எட்டு நாளில் நான் சிறுபிள்ளையாக இருப்பதை நிறுத்திவிட்டேன். மறுபடியும் அப்படி ஒரு வேலிக்குள் நானும், இங்கே தகரக் கூரையின் கீழே மூச்சிழுத்துக்கொண்டு இவளுமா?

மாரித் தாயிடம்தான் போய் நின்றேன். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் வந்து குடியேறிய வருசமே ஓலைக் கொட்டகை போட்டு உண்டாக்கிய கோயில். போக வேண்டுமென்றால் அனுப்பிவிடு, வேண்டாமென்றால் எதையாவது போட்டுத் தடுத்துவிடு என்று மூன்று வெள்ளிக்கிழமை கேட்டேன். ஒரு காய்ச்சலாவது வந்து படுக்கமாட்டேனா, ரோட்டில் ஒரு மரமாவது விழாதா என்று பார்த்தேன். பஸ் ஓடியது. உடம்பு நன்றாக இருந்தது. தாய் எதுவும் சொல்லவில்லை.

மாசிக் கடைசி செவ்வாய் எங்கள் கோயிலில் காப்புக் கட்டு. அடுத்த வாரம் தேர், தீச்சட்டி. காப்புக் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் தோய்த்த நூலைப் பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து மஞ்சள் நீராடும் வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குக்கூடப் போகமாட்டோம். மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் ஆட்கள் இதில் நூல் பிசகமாட்டார்கள். சிலோன் தோட்டத்திலிருந்து நாங்கள் தூக்கிக்கொண்டு வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. அங்கே ஒரு வருசம் அப்பா காப்புக் கட்டியிருந்தபோது தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் பெரியப்பா இறந்துவிட்டார். கூடப் பிறந்த அண்ணன். அப்பா போகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பாடை போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. காப்புக் கட்டியவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான்.

நான் வருசா வருசம் தீச்சட்டி எடுப்பவன். அந்த வருசம் மட்டும் ஊருக்குப் போகிறேன், இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் விபூதி வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் கோயிலுக்குப் போனேன். சத்தியமாக அவ்வளவுதான். பனி விலகவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆட்கள் ஈரத் துணியோடு வரிசையில் நின்றார்கள். பம்பை அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்ட நீட்டப் பூசாரி கட்டிக்கொண்டே வந்தார். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எப்போது போய் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. தெரிந்துதான் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் குறையும்போதும் விலகிப் போயிருக்கலாம்.

என் முறை வந்ததும் பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "சிலோனுக்குப் போறீங்கன்னாங்களே மாமா?" என்றார்.

"போகலை" என்றேன்.

அவர் கட்டிவிட்டார். அந்த நிமிசம் எனக்கு ஏற்பட்ட சுகத்தைச் சொன்னால் பாவம். ஒரு மாதமாக முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தாயே தடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டேன். கையை நீட்டியது நான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டிலடியில் தயாராக இருந்த பையை இழுத்து, மடித்து வைத்திருந்த வேட்டி சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மருமகன் பிள்ளைகளுக்கு வாங்கியது, அக்காவுக்கு வாங்கிய பச்சைச் சேலை, எல்லாவற்றையும் அலமாரியில் வைத்தாள். தேயிலைப் பொட்டலங்களை மட்டும் அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

"இதை வேணா நாமளே குடிச்சுக்கலாம்" என்றாள்.

அன்று மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. பின்னால் மேட்டில் ஒரு கற்பூர மரம் இருக்கிறது, அதற்கடியில் நின்றால்தான் பேச முடியும். காப்புக் கட்டிவிட்டேன் என்று சொன்னேன். பூசாரிக்கு ஆள் குறைவு, வருசா வருசம் எடுப்பவன் எடுக்காவிட்டால் குற்றமாகிவிடும் என்றார்கள், தட்ட முடியவில்லை, திருவிழா முடிந்ததும் வேறு டிக்கெட் போட்டு வருகிறேன் என்றேன். காப்புக் கட்டியதைத் தவிர இதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. எப்போது கட்டினார்கள் என்று அக்கா கேட்டாள். பிறகு, "தாய்க்குக் கட்டிட்டா அப்புறம் என்னாடா. வரக்கூடாது. நல்லபடியா எடு. எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் தம்பி அங்கே தீச்சட்டி எடுக்கிறான், அதனால்தான் வரவில்லை என்று லயத்தில் எல்லோரிடமும் சொன்னாளாம். மருமகன் பிற்பாடு சொன்னான்.

சனிக்கிழமை விமானம் புறப்படுகிற நேரம் எனக்குத் தெரியும். தாளில் எழுதியிருந்ததே. அந்த நேரத்தில் நான் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பிளக்க வேண்டிய விறகு ஒன்றும் இல்லை. விமானம் பிறகு போய் இறங்கியிருக்கும். என் இடத்தில் யாராவது உட்கார்ந்து போயிருப்பார்கள், அல்லது காலியாகப் போயிருக்கும்.

அடுத்த வாரம் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. ஊட்டியில் பார்க்கிற இடங்களையெல்லாம் மூடினார்கள். எங்கள் கோயிலில் தேர் இல்லை, தீச்சட்டி இல்லை. பூசாரி மட்டும் தாய்க்குத் தண்ணீர் ஊற்றிப் பொங்கல் வைத்துவிட்டு, வீடு வீடாக வந்து வாசலில் நின்று சொன்னார், காப்பை அவரவரே அவிழ்த்து ஓடையில் விட்டுவிடுங்கள், தாய் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள் என்று. புதன்கிழமை காலையில் நானே பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தேன். இனி என்னைக் கட்டிப்போட எதுவும் இல்லை. அன்றைக்கே கிளம்பியிருந்தால் போயிருக்க முடியுமோ முடியாதோ, தெரியவில்லை. நான் மகனுக்குப் போன் செய்து கேட்கவில்லை. மறுநாள் அவனே கூப்பிட்டு, அங்கே விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் அப்பா என்றான். அப்போதும் எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை அக்கா கேட்டாள், "எடுத்தியா?"

எடுத்தேன் என்றேன்.

"சூடு தெரிஞ்சுச்சா?"

தெரியவில்லை என்றேன். எப்படி எடுத்தேன், எத்தனை பேர் எடுத்தார்கள், லைனைச் சுற்றி வரும்போது வேப்பிலைத் தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்று முந்தின வருசத்துத் திருவிழாவை அப்படியே எடுத்துச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்கு வலி குறைவாக இருந்ததாம்.

அதற்குப் பிறகு எல்லாம் அடைத்துவிட்டது. இங்கே ஊரடங்கு, அங்கேயும் ஊரடங்கு. பஸ் இல்லாமல் கூடலூர் ரோடு வெறிச்சென்று கிடந்தது. கொழுந்து எடுக்க ஆளில்லாமல் செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்தன. பகலிலேயே காட்டெருமை ரோட்டில் வந்து நின்றது. மகன் திருப்பூரில் மாட்டிக்கொண்டான். நானும் வீட்டுக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவளுக்கு அந்த வருசம் வீசிங் அதிகம் வரவில்லை. எதற்குப் பயந்தேனோ அது வரவில்லை என்பதும் எனக்கு ஒரு தண்டனை மாதிரி இருந்தது. வந்திருக்க வேண்டும் என்று நினைப்பேனா? இல்லை. ஆனால் அவள் நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அட்டன் பக்கத்தில் வெள்ளையடித்த அந்தக் காம்பரா கண்ணுக்குள் வரும்.

தினமும் மதியம் கற்பூர மரத்தடிக்குப் போவேன். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தாள். போனில் முகத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் அவள் அந்தத் தீச்சட்டிக் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னாள். என் உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாயா என்று கேட்பாள். வேண்டிக்கொண்டேன் என்பேன். எடுக்காத நெருப்புக்கு ஒரு வேண்டுதல். சித்திரை பிறந்து சில நாள் இருக்கும். அன்று அவள், "நீ எடுத்ததுலதான் இத்தனை நாள் இருக்கேன்" என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். தீச்சட்டி எடுக்கவில்லை, திருவிழாவே நடக்கவில்லை என்றேன். பூசாரி கூப்பிடவில்லை, நானாகப் போய்த்தான் கையை நீட்டினேன், வியாதிக்கும் முகாமுக்கும் பயந்து போனேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன்.

போனில் அவள் முகம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தீன்னா நானே வராதடான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "தாயை ஏண்டா நடுவுல இழுத்த?"

பிறகு மருமகன் முகம் வந்தது. அம்மா படுக்கணும்கிறாங்க மாமா என்று சொல்லி வைத்துவிட்டான்.

இரண்டு நாள் அவள் பேச வரவில்லை. அந்த இரண்டு நாளும் மரத்தடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் இவளிடம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்கும். சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள். என் வீட்டுக்காரிக்கு மூச்சு எப்படி இருக்கிறது, ரேஷன் கொடுக்கிறார்களா, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டாள். பீன்ஸ் என்றேன். இங்கேயும் போஞ்சிதான் என்றாள், பீன்ஸுக்கு அங்கே அதுதான் பெயர். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. தீச்சட்டிக் கதையையும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவேன். அவள் பீன்ஸும் போஞ்சியுமாகப் பேசி முடித்துவிடுவாள்.

கடைசி வாரம் அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. தம்பி வந்துவிட்டான், பசியோடு வந்திருப்பான், சோறு போடு என்று மருமகள்காரியை அதட்டினாளாம். மருமகன் அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான்.

வைகாசியில் ஒரு நாள் காலையில் செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுபோய்ப் போர்த்தினால்தான் எடுப்பார்கள். பச்சைச் சேலை இங்கே அலமாரியில் இருந்தது. அங்கே கடைகள் மூடியிருந்தன. மருமகன் வீடியோவில் கூப்பிட்டான். அவன் பெண்சாதி தன் பெட்டியிலிருந்து இன்னும் உடுத்தாத சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஒங்க வீட்டுக் கோடின்னு சொல்லிப் போட்டுறட்டுமா மாமா?"

போடு என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் போர்த்தினான். அங்கே நின்ற பத்துப் பதினைந்து பேரும் துணி கட்டிய முகத்தோடு போனைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். தூக்கிக்கொண்டு லயத்து முக்கைத் திரும்பும்போது படம் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலே மழை கட்டிக்கொண்டு வந்தது.

இறங்கி வந்து குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இவள் உள்ளே விளக்கு வைத்தாள். எங்கள் ஆட்களில் ஒரு சாவு என்றால் லைனே வந்து முற்றத்தில் உட்காரும். அன்றைக்கு யாரும் வரவில்லை. வரவும் முடியாது. பிணம் இல்லாத சாவு, ஊரடங்கில் ஒரு சாவு, வேறு நாட்டில் ஒரு சாவு. யாருக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை. வீட்டில் கற்பூரம் தீர்ந்து போயிருந்தது. அதை வாங்க ஈரத் தலையோடு ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனேன்.

கடைக்கு முன்னால் ஆட்கள் தள்ளி நிற்பதற்காகச் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்தில் நின்றேன். கடைக்காரர் பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்நேரத்துக்குத் தலை நனைஞ்சிருக்குது?"

அக்கா போய்விட்டது, கற்பூரம் வேண்டும் என்றேன்.

அவர் கற்பூரத்தை எடுத்து வைத்தார். "காப்புக் கட்டிட்டதாலதான் போக முடியலைன்னு சொன்னாங்களே. சாமி காரியம், என்னங்க பண்றது" என்றார்.

"காப்பு இல்லீங்க" என்றேன். "நான் போக பயந்துட்டேன்."

அதை இன்னொரு மனுசரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்காவிடம் சொன்னது வேறு. அவர் என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. முகத்தில் துணி கட்டியிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது.

"எத்தனை வயசுங்க அக்காவுக்கு?"

சட்டென்று சொல்ல வரவில்லை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்பது தெரியும். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, அறுபத்தொன்பது என்றேன்.

"பெரிய வயசு இல்லீங்களே" என்றார்.

அவர் கடைக்குள்ளேயிருந்து வெளியே வந்தார். ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டு, எனக்குப் பக்கத்து வட்டத்தில் வந்து நின்றுகொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.